வெள்ளைக் குதிரையில் விட்டுப்போன சுழி

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "பேச வேண்டாம், எழுதிக் குடுங்க. எழுதறப்ப யாரும் உங்க மூஞ்சியப் பாக்க மாட்டாங்க" என்று சொல்லி டாக்டர் பெனிட்டா அம்மா நோட்டும் பேனாவும் கையில் திணித்துவிட்டார். எழுத்துப் பிழைகளை ஆஸ்பத்திரியில் இருக்கும் பெண்கள் திருத்திக்கொள்வார்களாம். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

பெனிட்டா அம்மாவும் அவருக்கு முன்னால் அவருடைய அப்பா டாக்டர் ஜெயசீலன் ஐயாவும் நடத்திய கால்நடை ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். அவினாசி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, பெரிய புளியமரத்தடியில் இருக்கிறது. இப்போது குதிரைக்குக் கழுத்தில் ஊசி போல ஒன்றைக் குத்தி அரிசி மணி அளவு சிப் வைக்கிறார்கள். மிஷினைக் காட்டினால் கீச்சென்று கத்தி நம்பரைச் சொல்லிவிடுகிறது. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் சிப் வந்த பிறகும் ஒரு கேள்வி மட்டும் மாறவில்லை. புதிதாகக் குதிரை வாங்கியவர் யார் வந்தாலும், குதிரைக்குப் பல் பார்க்கும் முன்னாலேயே கேட்பது இதுதான்: "ஏனுங்க, இதுக்கு இன்சூரன்ஸ் போடோணுங்களா?"

பெண்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பதில் வாசிக்கிறார்கள். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்து, எப்போதாவது அங்கே போயிருக்கும் என்னிடம், "அந்தப் புள்ள போடச் சொல்லுச்சுங்களா, வேண்டாம்னுச்சுங்களா?" என்கிறார். ஐயா இதற்கு எப்படிப் பதில் சொல்வார் என்று எழுதித் தரத்தான் பெனிட்டா அம்மா கேட்டார்.

நான் அங்கே பெருக்கிக் கூட்டத்தான் சேர்ந்தேன். ஒரு நாள் குதிரை பிடிக்கிற ஆள் வரவில்லை. ஐயா என்னைக் கூப்பிட்டு, "இந்தக் கயித்தப் புடிச்சுட்டுச் சும்மா நில்லு அம்மணி. பேசாம நிக்கற ஆளுதான் குதிரைக்கு வேணும்" என்றார். பேசாமல் நிற்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. குதிரையும் அடங்கி நின்றது. அன்றிலிருந்து அதுவே என் வேலையாகிவிட்டது. இடது தோள் பக்கம் நிற்க வேண்டும், பின்னால் போக வேண்டியிருந்தால் கையை முதுகிலிருந்து எடுக்காமல் போக வேண்டும், காது பின்னால் சாய்ந்தால் நாமும் ஓர் அடி சாய வேண்டும். ஒரு மிதி வாங்கிக் கால் கட்டை விரல் நகம் போனது. படிப்பு அவ்வளவுதான்.

ஐயா அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. எலும்பு மேல் சட்டை மாட்டினாற்போல ஒல்லியாக இருப்பார். எழுதுவதென்றால் மட்டும் உட்கார்ந்துதான் எழுதுவார். நின்றபடி கையெழுத்துப் போட்டதே இல்லை. தோட்டத்துக்குப் போனாலும் மடக்கு ஸ்டூல் ஒன்று காரில் கூடவே வரும். மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் பேனா மூடியைத் திறப்பார். அந்தக் கண்ணாடி எழுதுவதற்கு மட்டும். அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே நிற்கும் குதிரை அவருக்குப் புகை மாதிரிதான் தெரியும்.

இன்சூரன்ஸ் வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு உடனே ஆமாம், இல்லை என்று சொல்ல மாட்டார். "இது செத்துப்போச்சுன்னா உங்க ஊட்ல அடுப்பெரியுங்களா?" என்று கேட்பார். கேட்டவர் முகம் சுருங்கும். "அச்சாணியமாப் பேசறீங்களே டாக்டரே" என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஐயா அசர மாட்டார். "இதும்மேல ஏறப்போறது யாருங்க? ரோட்டுல போறவனை உதைச்சா அவங்கூட்டுக்கு யாரு பதில் சொல்றது?" என்று அடுத்ததையும் கேட்பார். பதில்களைக் கேட்டபிறகு, எந்தக் காகிதம் வேண்டும், எது வேண்டாம் என்று அவரே சொல்லுவார்.

பம்பு செட் தயாரிக்கிற ஒரு முதலாளி பேத்திக்காகக் குட்டைக் குதிரை ஒன்று வாங்கினார். செத்தால் பணம் வருகிற காகிதம்தான் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஐயா, "குதிரை செத்தா உங்க ஊட்ல ரெண்டு நாள் அழுவாங்க, மூணாம் நாள் நீங்க வேற வாங்கிருவீங்க. அதுக்குக் காகிதம் எதுக்குங்க? இது அடுத்தவங்களுக்கு ஏதாச்சும் பண்ணிப்போட்டா ஈடு கட்டற காகிதம் ஒண்ணு இருக்குது, அதப் போடுங்க. ஏறி ஓட்டற பாப்பாவுக்கு விபத்துக் காகிதம் ஒண்ணு போடுங்க" என்றார். "இந்தக் குட்டையா உதைக்கப் போகுது?" என்று முதலாளி சிரித்தார். பாப்பாவுக்கு மட்டும் போட்டுவிட்டுப் போனார். அடுத்த மாதம் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்தார்கள். புத்தம் புதுக் கார். குதிரை வேறு எதையும் தொடவில்லை, அந்தக் காரின் கதவைத் தேர்ந்தெடுத்து ஒன்று வைத்தது. கதவைச் சரி செய்துவிட்டார்கள். சம்பந்தியம்மாவின் வாயைச் சரி செய்ய முடியவில்லை. முதலாளி மறுநாளே வந்து, "நீங்க சொன்ன காகிதத்தக் குடுங்க டாக்டரே, இது இன்னொருக்கா உதைக்கறதுக்குள்ள" என்றார்.

வேண்டாம் என்று சொன்னதும் உண்டு. மிகவும் வயதான குதிரை ஒன்றைக் கோயிலுக்காக வாங்கி வந்தவர்களிடம், "இந்த வயசுல கம்பெனி எடுத்துக்க மாட்டாங்க. அலையாதீங்க. அந்தக் காசுக்குக் கொள்ளு வாங்கி ஊறப்போட்டு வையுங்க" என்று அனுப்பிவிட்டார்.

போடுவதென்று முடிவானால் அடையாளப் படிவம் எழுத வேண்டும். மாட்டுக்குக் காதில் வில்லை குத்துவார்கள். குதிரைக்கு அப்போது உடம்புதான் அடையாளம். படிவத்தில் குதிரையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் கோட்டுப் படமாக இருக்கும். நெற்றியில் வெள்ளை, காலில் வெள்ளை, தழும்பு, மயிர் சுழித்திருக்கிற இடங்கள் எல்லாவற்றையும் படத்தில் குறிக்க வேண்டும். சுழி இருந்தால் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. மூக்கில் தொடங்கி வாலில் முடிக்க வேண்டும் என்பது ஐயாவின் கணக்கு. நான் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் நிமிராமல் எழுதுவார்.

முதல் தடவை சுற்றிலும் ஆட்கள் நின்றதில் எனக்கு வாயே வரவில்லை. ஐயா காத்திருந்து பார்த்துவிட்டு, "எனக்குச் சொல்ல வேண்டாம். குதிரைக்குச் சொல்லு அம்மணி, நான் கேட்டுக்கறேன்" என்றார். குதிரையின் காதுப் பக்கம் திரும்பினேன். "நெத்தியில ஒரு சுழி. கழுத்துல வலப்பக்கம் ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே போனேன். தடையில்லாமல் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ குதிரைகளுக்கு அவற்றின் உடம்பைப் பற்றி நானே சொல்லியிருக்கிறேன். நான் சொல்லி அவர் எழுதியதை அவர் மறுபடி சரி பார்த்ததே கிடையாது. அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் ஒரு தடவை நான் கெடுத்துக்கொண்டேன்.

அன்னூரிலிருந்து நாச்சிமுத்து என்று ஒருவரும் அவர் மனைவி சாந்தாமணியும் வெள்ளைப் பெண்குதிரை ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு கறவை மாடுகளை விற்று, சந்தையில் வாங்கிய குதிரை. மாப்பிள்ளை அழைப்புக்கும் கோயில் ஊர்வலத்துக்கும் விடப் போவதாகச் சொன்னார்கள். மல்லி என்று பெயர் வைத்திருந்தார்கள். நல்ல பால் வெள்ளை. பார்த்தவுடன் யாருக்கும் கழுத்தைத் தடவத் தோன்றும்.

"இன்சூரன்ஸ் போடோணுங்களா?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"இது செத்துப்போச்சுன்னா அடுப்பெரியுங்களா?"

நாச்சிமுத்து கோபிக்கவில்லை. மனைவியைப் பார்த்தார். சாந்தாமணி, "எரியாதுங்க" என்றார்.

"அப்பப் போடுங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க. மாப்பிள்ளை கீழ உழுந்தா அதுக்கும் ஒரு காகிதம் போடுங்க."

"மாப்பிள்ளை உழுந்தா, பொண்ணு ஊட்டுக்காரங்க காகிதம் கேக்க மாட்டாங்கங்க, என்னத் தூக்கிப் போட்டு மிதிப்பாங்க" என்றார் நாச்சிமுத்து.

"அதுக்குக் காகிதம் இல்லீங்க. நீங்கதான் பாத்து நடந்துக்கோணும்" என்று சொல்லிவிட்டு ஐயா ஸ்டூலை விரித்தார்.

வெள்ளைக் குதிரையில் சுழி கண்ணுக்குப் பிடிபடாது. ஈரத்துணியால் மயிரை நனைத்து, விரலை மெல்ல ஓட்டினால்தான் சுழிக்கிற இடம் தட்டும். நான் நனைத்து நனைத்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். மூக்கில் ஒன்றும் இல்லை. நெற்றியில் ஒரு சுழி. அடுத்து இடது கண். கண்ணுக்குக் கீழே ஒரு விரற்கடை இறக்கத்தில் என் விரல் நின்றுவிட்டது.

அங்கே சுழி இருந்தால் எங்கள் பக்கத்தில் கண்ணீர்ச் சுழி என்பார்கள். வாங்கியவர் வீட்டில் அழுகை நிற்காது என்று பேச்சு. சந்தையில் விவரம் தெரிந்தவன் அப்படிப்பட்ட குதிரையைத் தொட மாட்டான். கல்யாணத்துக்கு விடுகிற குதிரையில் அது இருக்கிறதென்று வெளியே தெரிந்தால், வீட்டு வாசலில் கட்டி வைத்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

நாச்சிமுத்து ஐயாவின் பக்கத்தில் நின்று கொள்ளு விலை பேசிக்கொண்டிருந்தார். குதிரையின் தலைப் பக்கம் நானும் சாந்தாமணியும் மட்டும். என் விரல் நின்றதை அவர் பார்த்துவிட்டார். அவருக்கு அது தெரியாத இடமில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். 

"அக்கா" என்றார், மூச்சு மாதிரி. "அத மட்டுஞ் சொல்லாதீங்கக்கா. இன்சூரன்ஸ் ஏசண்டு எங்கூர்க்காரரு. காகிதத்துல பாத்தா சாயந்தரத்துக்குள்ள டீக்கடைக்குப் போயிரும். இவருக்குத் தெரிஞ்சா நாளைக்கே பாதி விலைக்குத் தள்ளிப்போடுவாரு. எனக்கு அந்த ரெண்டு மாடும் திரும்பி வராதுக்கா."

அந்தப் பக்கமிருந்து ஐயா, "மூஞ்சியில முடிஞ்சுதா அம்மணி?" என்று கேட்டார்.

நான் குதிரையைப் பார்த்தேன். "கழுத்துல இடப்பக்கம் ஒரு சுழி" என்றேன். ஐயா எழுதிக்கொண்டார். பொய் ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இருந்தாலும் மல்லி தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தது, அதை மட்டும் மறக்க முடியவில்லை.

கம்பெனிக்குப் போட்டோ ஒன்று வேண்டும் என்று ஏஜெண்ட் வந்து எடுத்தார். போட்டோ என்றதும் சாந்தாமணி குதிரைக்கு நெற்றிச்சுட்டி, பாசிமணி, முதுகில் ஜரிகைத் துணி, காலில் சலங்கை எல்லாம் போட்டுவிட்டார். முன்னால் நாச்சிமுத்து வேட்டி சட்டையோடு மார்பை நிமிர்த்தி நின்றார். போட்டோ அருமையாக வந்திருந்தது. குதிரை எங்கே என்றுதான் தேட வேண்டும்.

மூன்று வாரம் போயிருக்கும். மல்லி போன மூன்றாவது கல்யாணம் தொண்டாமுத்தூர்ப் பக்கம். பொழுது சாய்கிற நேரத்தில் தென்னந்தோப்புப் பக்கம் யானை இறங்கிவிட்டதென்று யாரோ வெடி போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை அப்போதுதான் இறங்கி மாலை மாற்றப் போயிருந்தார், அது அவர் செய்த புண்ணியம். வெடிச் சத்தம் கேட்டதும் மல்லி கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. நாச்சிமுத்து தோப்புத் தோப்பாகத் தேடினார். நாலாம் நாள், மதுக்கரை தாண்டி ஒரு கல்யாண ஊர்வலத்தில் அதே மாதிரி வெள்ளைக் குதிரையைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தால் மல்லிதான். பேண்டு செட் வைத்திருக்கும் சேகர் என்பவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இது என்ற குதிரை, ஒரு வருசமா வெச்சிருக்கேன்" என்கிறார். இரண்டு பேரும் குதிரையோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். காகிதம் இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் கேட்க, நாச்சிமுத்துவிடம் இருந்த ஒரே காகிதம் எங்கள் ஐயா எழுதிய இன்சூரன்ஸ் படிவத்தின் நகல்தான். எழுதிய டாக்டரே வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று சொல்லியனுப்பினார்கள்.

காரில் ஐயா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படிவத்தை நம்பித்தான் அவர் போகிறார். மதுக்கரை சிமெண்ட் ஆலைப் புகைக்கூண்டு தெரிகிற வரைக்கும் நாலு தடவை வாயைத் திறந்தேன். நாலு தடவையும் மூடிக்கொண்டேன்.

ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தில் மல்லியைக் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் நல்ல கூட்டம். இன்ஸ்பெக்டர் இரண்டு பக்கப் பேச்சையும் கேட்டுக் களைத்துப் போயிருந்தார். "ரெண்டு பேரையும் குதிரையைக் கூப்பிடச் சொன்னேன் டாக்டர். யார் கூப்பிட்டதுக்கும் வரலை. எங்க ஏட்டு கையில வாழைப்பழம் இருந்துச்சு, அவர்கிட்டப் போயிடுச்சு" என்றார். ஏட்டு வெட்கப்பட்டுக்கொண்டார்.

நாச்சிமுத்து நீட்டிய போட்டோவை இன்ஸ்பெக்டர் பார்த்து, "இதுல சட்டை நல்லாத் தெரியுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு படிவத்தை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். நெற்றியில் ஒன்று, கழுத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, மார்பில் ஒன்று.

சேகர் சிரித்தார். "இது எல்லா வெள்ளைக் குதிரைக்கும் இருக்கறதுதானுங்க சார். என்ற குதிரைக்கும் இதேதான்."

ஐயா கண்ணாடியைத் துடைத்தார். சேகர் சொன்னது முழுப் பொய் இல்லை. அந்த நாலு சுழியும் நிறையக் குதிரைக்கு இருக்கும். சாந்தாமணி கூட்டத்தின் ஓரத்தில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் குதிரையின் பெயர் கெடும், சொல்லாவிட்டால் குதிரையே போய்விடும். ஐயாவின் கையெழுத்துக்குக் கீழே என் குறை வேறு உட்கார்ந்திருக்கிறது.

நேராகப் போய் மல்லியின் தலைப் பக்கம் நின்று, கயிற்றைப் பிடித்தேன். இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. மல்லியின் காதைப் பார்த்து, மூக்கிலிருந்து தொடங்கினேன்.

"மூக்குல ஒண்ணும் இல்ல. நெத்தியில ஒரு சுழி. இடது கண்ணுக்குக் கீழ, ஒரு விரற்கடை எறக்கத்துல, ஒரு சுழி. அது காகிதத்துல இல்ல. அன்னைக்கு நாந்தான் சொல்லாம உட்டுப்போட்டேன். டாக்டரய்யாவுக்குத் தெரியாது."

ஐயா துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடி அப்படியே கையில் நின்றது.

இன்ஸ்பெக்டர் சட்டென்று சேகர் பக்கம் திரும்பினார். "ஏப்பா, உன் குதிரைக்குக் கண்ணுக்குக் கீழ சுழி இருக்கா?"

சேகர் காதைப் பொத்திக்கொண்டார். "சிவ சிவா! கண்ணீர்ச் சுழிங்களா? கல்யாணக் குதிரைங்க சார் இது. நானு நாலு தரம் பாத்துத்தான் வாங்குனேன். அப்படி ஒண்ணு இருந்தா வாசல்லயே கட்ட மாட்டேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"சத்தியமா இல்லீங்க."

இன்ஸ்பெக்டர் என்னிடம், "காட்டுங்கம்மா" என்றார். ஏட்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். என் முந்தானையை நனைத்துக் கண்ணுக்குக் கீழே மெதுவாகத் துடைத்தேன். ஈரம் பட்டதும் மயிர் படிந்து, தண்ணீரில் கல் போட்டது போல வட்டமாகச் சுழி எழுந்து நின்றது. கூட்டம் முழுக்க எட்டிப் பார்த்தது.

"ஒரு வருஷம் வச்சிருக்கறவருக்குத் தெரியலை. ஒரு நாள் தொட்டுப் பார்த்த அம்மாவுக்குத் தெரியுது" என்றார் இன்ஸ்பெக்டர்.

சேகர் குரல் இறங்கிவிட்டது. "வழியில நின்னுச்சுங்க சார். பாவமேன்னு தண்ணி காட்டினேன்."

"தண்ணி காட்டினவன் அதைக் கல்யாணத்துக்குமா ஓட்டிட்டுப் போவான்?"

கூட்டத்தில் சிரிப்பு. நாச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. மனைவி பக்கம் திரும்பினார். "கண்ணீர்ச் சுழியா? நம்ம மல்லிக்கா? ஏம்புள்ள, உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க" என்றார் சாந்தாமணி. "சொன்னா வித்துப்போடுவீங்கன்னுதான் சொல்லுல. அக்காளயும் நாந்தான் சொல்ல வேண்டாம்னு கையப் புடிச்சேன்."

கூட்டத்திலிருந்து தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர், "குதிரை கெடைச்சுது சரி. கல்யாணத்துக்கு இது ஆகாதே அம்மணி" என்றார்.

சாந்தாமணி முந்தானையை இழுத்துச் செருகினார். "ஏனுங்க, பொண்ணப் பெத்தவ அழுவாத கல்யாணம் எங்காச்சும் பாத்திருக்கீங்களா? அந்தக் கண்ணீரு எப்படியும் வரப்போவுது. எங்க மல்லி முன்னாலயே சொல்லிப்போடுது, அவ்வளவுதானுங்க."

இன்ஸ்பெக்டரே சிரித்துவிட்டார். எழுதி வாங்கிக்கொண்டு குதிரையைக் கொடுத்தார். போகும்போது சாந்தாமணி சேகரைப் பார்த்து, "நாலு நாளா வயிறு வாடாமப் போட்டிருக்கீங்க, அதுக்கு நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சேகர் தலையைத் தூக்கவில்லை.

திரும்பும்போது ஐயா வழியில் ஒரு டீக்கடை முன்னால் காரை நிறுத்தினார். எனக்கும் ஒரு டீ, ஒரு பன். மடக்கு ஸ்டூலை எடுத்து விரித்து என்னை உட்காரச் சொன்னார். அவர் நின்றார். எனக்கு அழுகை வந்தது.

"மல்லி தொலஞ்சுது. அதனால நீ உட்டது இன்னைக்கு ஒதவுச்சு, காகிதத்துல இருந்திருந்தா சேகரு அதுக்கும் ஆமான்னிருப்பான். செத்திருந்தா?" என்று கேட்டார். "கம்பெனிக்காரர் வந்து பாப்பாரு. இந்தச் சுழி படத்துல இல்ல, இது வேற குதிரைன்னு ஒரே வரி எழுதுவாரு. மாடும் போச்சு, குதிரையும் போச்சு. நீ பாவம் பாத்தது அப்ப யாருக்கு?"

அவர் குரலை உயர்த்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"சுழியில நல்லது கெட்டது நாம பாக்க வேண்டாம். இருக்குதா இல்லையான்னு பாத்தாப் போதும். சரியா?"

தலையை ஆட்டினேன். டீ பாதி குடித்தார். பிறகு, "அது சரி அம்மணி, எங்கிட்டச் சொல்லவே உனக்கு நாக்கு வராது. அத்தனை சனத்துக்கு முன்னால எப்படிப் பேசுன?" என்றார்.

"நானு எங்கீங்க பேசுனேன்? குதிரைக்குத்தானுங்க சொன்னேன்."

அவர் சிரித்ததில் டீ சட்டையெல்லாம் சிந்திவிட்டது. மறுநாளே கம்பெனிக்கு நடந்ததை நடந்தபடி கடிதம் எழுதினார். தன் பிழை என்றுதான் எழுதினார், என் பெயரைப் போடவில்லை. எங்களிடம் இருந்த நகலில் கண்ணுக்குக் கீழே சிவப்புக் குறி போட்டு, தேதி போட்டு, உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

சுழி விஷயம் டீக்கடைக்குப் போகத்தான் செய்தது. அந்த வருஷம் இரண்டு முகூர்த்தம் கைவிட்டுப் போயின. ஆனால் சாந்தாமணி ஸ்டேஷனில் சொன்ன பதிலும் சுழியோடு சேர்ந்தே ஊர் சுற்றியது. அதைக் கேட்டுச் சிரித்துவிட்டே மல்லியைக் கூப்பிட ஆட்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு எத்தனை மாப்பிள்ளைகளைச் சுமந்ததோ கணக்கில்லை. ஒருவரும் கீழே விழவில்லை. போட்ட இன்சூரன்ஸில் ஒரு நாளும் கை வைக்க வேண்டி வரவில்லை. அப்படியானால் போட்டது வீணா என்று ஒரு பெண் என்னைக் கேட்டாள். வீணில்லை கண்ணு. சாந்தாமணி தினமும் அடுப்புப் பற்ற வைக்கும்போது அந்தப் பயம் இல்லாமல் பற்ற வைத்தாரே.

போன மாதம் ஐயாவைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பது தாண்டி, ஆஸ்பத்திரிக்கு மேலே மாடி வீட்டில் இருக்கிறார். கீழே வருகிற கேஸையெல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பது அவருடைய பொழுதுபோக்கு. நான் இறங்கி வரும்போது வாசலில் செம்பழுப்புக் குதிரை ஒன்று நின்றது. பக்கத்தில் சாந்தாமணி. முடி நரைத்திருக்கிறது. மல்லிக்கு வயதாகி வீட்டோடு இருக்கிறதாம். அதற்குத் துணையாகவும் தொழிலுக்காகவும் இதைப் புதிதாக வாங்கியிருக்கிறார்கள்.

பெனிட்டா அம்மா சிப் வைத்துவிட்டார். மிஷின் கத்தியது. ஆனால் படிவத்தில் இன்னும் அந்தக் குதிரைப் படம் இருக்கிறது. "வந்தது வந்தீங்க, நீங்களே சொல்லுங்கம்மா" என்று பேனாவை எடுத்தார். நான் ஈரத்துணியை வாங்கிக்கொண்டு, குதிரையின் காதுப் பக்கம் திரும்பி, மூக்கிலிருந்து தொடங்கினேன். நெற்றி, கழுத்து, மார்பு என்று வந்து முடிக்கப் போகும்போது சாந்தாமணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குப் பிடித்த அதே மணிக்கட்டு.

"அக்கா, வாலுக்கு மேல இன்னொண்ணு இருக்குது, பாருங்க. அது கொஞ்சங்கூட நல்லதில்லையாமா" என்றார். "அதச் சத்தமாச் சொல்லுங்க. மாடியில ஐயாவுக்குக் கேக்கோணும்."